“சாகவே சாகாது” என்று சொல்லித் தந்த செடி: உங்கள் அனுபவம் என்ன?

ஜன்னலோரம்
என்னுடையது இசட் இசட் செடி. புதுவீட்டுக்குப் பரிசாக வந்தது. “தண்ணீர் ஊற்ற மறந்தாலும் இருக்கும்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வெள்ளைப் பீங்கான் தொட்டி, பார்க்க அவ்வளவு அழகு. போன வாரம் இலைத் தூசியைத் துடைக்கலாம் என்று ஒரு தண்டைப் பிடித்தேன். அப்படியே கையோடு வந்துவிட்டது. மேலே இலையெல்லாம் பளபளவென்று பச்சை. அடியில் பழுப்பாக, கொழகொழவென்று, சாக்கடை வாடை. தூக்கிப் பார்த்தால் பீங்கானுக்குள் இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி, அதைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். பீங்கானில் ஓட்டையே இல்லை. செடி போனதுகூடப் பரவாயில்லை. அந்தத் தண்டில் ஒரு இலைகூட மஞ்சளாகவில்லையே, அதுதான் உறுத்துகிறது.

மாடிப்படி
எனக்கு ஸ்னேக் பிளான்ட். மஞ்சள் கரை போட்ட ரகம். ஒரு இலையை வெட்டித் தண்ணீரில் வைத்தேன், வேர் விட்டது, மண்ணில் மாற்றினேன். மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒருநாள் மண்ணைப் பிளந்துகொண்டு கூர்மையாக ஒரு துளிர். ஓடிப்போய்ப் பார்த்தால் முழுப் பச்சை! மஞ்சள் கரை மருந்துக்குக்கூட இல்லை. இலையிலிருந்து வளர்த்தால் இந்த ரகம் அப்படித்தான் வருமாம். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டுமாம். விற்றவர் இதையெல்லாம் எங்கே சொன்னார்! மற்றபடி நல்ல செடிதான், ராத்திரியில் ஆக்சிஜன் தரும், படுக்கையறையில் வைக்கலாம்.

வேர்முடிச்சு
ஜன்னலோரம், செடியைக் குறை சொல்லாதீர்கள். இசட் இசட் வறண்ட நாட்களைத் தாங்கப் பிறந்த செடி, கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அடியில் அழுகினாலும் மேலே சட்டென்று தெரிவதில்லை. புதிதாக வளர்ப்பவர்களுக்கு நான் பீஸ் லில்லிதான் சொல்வேன். எங்கள் வீட்டில் ஒருநாள் காலை அது மொத்தமாகத் துவண்டு தொட்டி விளிம்பில் கிடந்தது, முடிந்தது கதை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன், மாலைக்குள் நிமிர்ந்துவிட்டது. தாகத்தை வாய்விட்டுச் சொல்லும் செடி அது.

பொதுவாகச் சிலது சொல்லிவிடுகிறேன். கிழமை பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள், ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் இன்னும் சுலபம், காய்ந்த தொட்டியின் கனமே வேறு. ஊற்றும்போது அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஸ்னேக் பிளான்ட், இசட் இசட் இரண்டுக்கும் மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வேண்டாம், வேர் குடிக்காத ஈரம் அங்கேயே நிற்கும். மண்ணில் பெர்லைட்டோ (பொரி போல லேசான வெள்ளைக் கல்துகள்) பெருமணலோ கலந்துகொள்ளுங்கள். ஓட்டை இல்லாத தொட்டியாக இருந்தால் அடியில் கூழாங்கல் போடுங்கள்.

மாடிப்படி, அந்த ஆக்சிஜன் கதை வேண்டாமே. அந்தச் செடி ராத்திரியில் இலைத்துளையைத் திறந்து கரியமிலவாயுவை எடுத்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். காற்றைச் சுத்தம் செய்யும் என்று எல்லோரும் காட்டுகிற நாசா ஆய்வும் 1989-ல் மூடிய சின்னப் பெட்டிக்குள் செய்தது. உங்கள் அறை மூடிய பெட்டியா?

நிழல்வாசி
எல்லாம் சரி, கூழாங்கல் மட்டும் தப்பு அண்ணா. கல்லுக்கு மேலே உள்ள மண்ணிலேயே ஈரம் நின்றுவிடும், வேருக்கு இன்னும் பக்கத்தில். ஓட்டை இல்லாத தொட்டியில் நேராக நடாமல், ஓட்டையுள்ள தொட்டியை உள்ளே வைத்து, ஊற்றும்போது வெளியே எடுத்து வடித்துவிட்டு வைப்பதுதான் வழி.

என் கதை மணி பிளான்ட். “வெளிச்சமே வேண்டாம்” என்று சொல்லி அக்கா அதை ஜன்னல் இல்லாத நடையில் வைத்தாள். கொஞ்ச நாளில் இலை ஒவ்வொன்றும் ஒரு சாண் தள்ளித் தள்ளி, மஞ்சள் தீற்றல் எல்லாம் மறைந்து வெறும் பச்சை. கொடி தரையோடு இழைந்து கதவிடுக்கில் வெளிச்சக் கோடு விழும் இடத்தில் போய் முட்டிக்கொண்டு கிடந்தது. குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும் என்றால் இருட்டில் வாழும் என்று அர்த்தமா?

பூனைவீடு
யாருமே பூனையைப் பற்றிப் பேசவில்லையே! எங்கள் பூனை மணி பிளான்ட் இலையைக் கடித்துவிட்டு, முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டு, எச்சில் நூலாக ஒழுக நின்றதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. இலைக்குள் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, வாயில் குத்தும் என்றார் கால்நடை மருத்துவர். பீஸ் லில்லி, இசட் இசட் இரண்டிலும் அதே சங்கதிதான். ஸ்னேக் பிளான்ட் வேறு நஞ்சு, அதுவும் ஆகாது. இப்போது வீட்டில் ஸ்பைடர் பிளான்ட் மட்டும். அதில் பூனைக்கு ஆகாத நஞ்சு கிடையாது. நுனி அடிக்கடி பழுப்பாகக் காய்கிறது, பாதி அதன் வேலை, பாதி பூனையின் வேலை. உயரத்தில் தொங்கவிட்டாலும் எட்டிப் பிடிக்கிறது.