நம்ம வீட்டுக் குழு: இரண்டு தெர்மாமீட்டர்

கவிதா: சின்னவனுக்கு ராத்திரியிலிருந்து ஜுரம். எங்கள் தெர்மாமீட்டர் 101.4 காட்டுகிறது, மாடிவீட்டு ஆன்ட்டி கொண்டுவந்தது 100.2. எதை நம்புவது?

திவ்யா (சிங்கப்பூர்): அக்கா, செல்சியஸில் சொல்லு 😄

பெரியப்பா: ஒன்று 38.6, இன்னொன்று 37.9. இந்தத் தகராறு 300 வருஷத்துப் பழசு. கவிதா சொன்ன 101.4 அளவுக்கு வழிபோட்ட ஃபாரன்ஹீட் என்பவர் பேர் வாங்கினதே இதில்தான். 1714-இல் ஜெர்மனியில் வோல்ஃப் என்ற பேராசிரியரிடம் இரண்டு தெர்மாமீட்டர் கொடுத்தார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. மனுஷர் அசந்துபோய் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதிவிட்டார்.

திவ்யா: ஒரே மாதிரி காட்டினதற்கா?!

பெரியப்பா: அதுவரை ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு கோடு. ஓர் ஊரில் அளந்ததை இன்னோர் ஊரில் வைத்துப் பார்க்க வழியில்லை. பல குழாய்களில் சாராயம்தான் இருக்கும், அது 78 செல்சியஸிலேயே கொதித்துவிடும். இவர் பாதரசத்துக்கு மாறினார். அது கொதிக்க 357 வேண்டும், கண்ணாடியிலும் ஒட்டாது.

சேகர் மாமா: அதென்ன அத்தான், தண்ணீர் 32-இல் உறைவது? 0 என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பெரியப்பா: 0-வை ஐஸ், தண்ணீர், நவச்சாரம் என்கிற ஒருவகை உப்பு சேர்ந்த கலவைக்குக் கொடுத்துவிட்டாரே. வெறும் ஐஸ் தண்ணீர் 32. நோயில்லாதவர் வாயிலோ அக்குளிலோ வைத்தால் 96. 32-க்கும் 96-க்கும் இடைவெளி 64, பாதி பாதியாகப் பிரித்தே கோடு போட்டுவிடலாம். 1724-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அவரே எழுதியிருக்கிறார்.

திவ்யா: 98.6 இல்லையா?

பெரியப்பா: அது பிற்பாடு. தண்ணீர் கொதிப்பதை 212 என்று நிறுத்தினபோது கணக்கு கொஞ்சம் நகர்ந்துவிட்டது.

சேகர் மாமா: செல்சியஸ்காரர் தேவலை. 0, 100, வேலை முடிந்தது.

பெரியப்பா: அவர் 1742-இல் தலைகீழாக அல்லவா வைத்தார்! கொதிப்பது 0, உறைவது 100. மற்றவர்கள்தான் திருப்பிப் போட்டார்கள்.

கவிதா: பெரியப்பா, இங்கே பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது 🙏

பெரியப்பா: சரிம்மா. எங்கே வைத்துப் பார்த்தாய்?

கவிதா: எங்களுடையது வாயில். ஆன்ட்டி அக்குளில் வைத்தார்கள்.

பெரியப்பா: அப்புறம் எப்படி ஒத்துப்போகும்? அக்குளில் பொதுவாகக் குறைத்துத்தான் காட்டும். இரண்டையும் கழுவிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வாயிலேயே வை.

கவிதா: 101.4. ஆன்ட்டியுடையது 101.3.

திவ்யா: வோல்ஃப் சாருக்குச் சொல்லிவிடுங்கள் 😂

அம்மா: டாக்டரிடம் எப்போது போகிறாய், அதைச் சொல்லு முதலில்.

கவிதா: 6 மணிக்கு டோக்கன் வாங்கியாச்சும்மா.

சேகர் மாமா: ஆட்டோ பிடிக்காதே. ஐந்தரைக்குக் காரோடு வருகிறேன்.