பழி வந்தால் வாய்மூடி இருப்பதுதான் சாந்தமா?

கீழத்தெரு:
எங்கள் சபையில் அசனப் பண்டிகை, அதாவது சபை விருந்துக் கணக்கு என் அண்ணன் பொறுப்பு. அரிசி, ஆடு, விறகு எல்லாவற்றுக்கும் பில் வைத்திருக்கிறார். ஆனாலும் "காணிக்கையில் கை வைத்துவிட்டார்" என்று ஒருவர் சபை வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். அண்ணன் பதிலே போடவில்லை. கேட்டால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். அண்ணி அழுகிறார். இது சரியா?

மூன்றாம்மணி:
சரிதான் தம்பி. ரோமத் தேசாதிபதி பிலாத்துவுக்கு முன் பிரதான ஆசாரியர்கள் குற்றம் சாட்டியபோது இயேசு ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை; தேசாதிபதியே ஆச்சரியப்பட்டான் (மத்தேயு 27). வையப்படும்போது பதில் வையாதவர் என்றுதான் பேதுருவும் அவரை நமக்கு மாதிரியாக வைக்கிறார். குழுவில் ஒரு பதில் போட்டால் பத்து பதில் வரும். இப்படி ஆரம்பித்து சபையே இரண்டாக உடைந்ததைப் பார்த்தவன் நான்.

ஓய்வாசிரியை:
ஐயா, அதே இயேசு அதற்கு முந்தின இரவு சேவகன் அறைந்தபோது சும்மா இருக்கவில்லையே. நான் பேசியது தப்பென்றால் எது தப்பென்று காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18). அதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தேசாதிபதி பெலிக்ஸ் முன்னால், குற்றம் சாட்டியவர்களுக்காகப் பேசிய தெர்த்துல்லு, அப்போஸ்தலன் பவுலைக் கொள்ளைநோய் என்றே சொன்னான். பவுல் திருப்பித் திட்டவில்லை. நான் எருசலேமுக்குப் போய் 12 நாள்தான் ஆகிறது, தேவாலயத்தில் யாரோடும் தர்க்கம் பண்ணவில்லை, இவர்களால் எதையும் நிரூபிக்க முடியாது என்றார். நாள், இடம், ஆதாரம், அவ்வளவுதான்.

மூன்றாம்மணி:
அது நீதிமன்றம் அம்மா. இங்கே எதிரில் நிற்பது சொந்த சபையார். பவுலே யூதருடைய ஆலோசனைச் சங்கத்தில் அனனியாவை "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று சொல்லிவிட்டு, பிரதான ஆசாரியர் என்று தெரிந்ததும் பின்வாங்கினார். அவருக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்? மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும்.

ஓய்வாசிரியை:
போகட்டும், நல்லது. ஆனால் அந்தப் பணம் அண்ணனுடையது இல்லையே. தன் பெயருக்கு மட்டும் வந்த பழி என்றால் பொறுத்துப் போகலாம். சபையார் போட்ட காணிக்கைக்குக் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு, கேட்ட விதம் எவ்வளவு மோசமாக இருந்தாலும். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த தர்மப்பணத்துக்காக, தன் உடன் ஊழியன் தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் பவுல் அனுப்பினார். யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8இல் காரணமும் எழுதியிருக்கிறார். அண்ணன் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கட்டும்.

கீழத்தெரு:
அப்படியென்றால் பில்லையெல்லாம் குழுவில் போடச் சொல்லட்டுமா அக்கா?

ஓய்வாசிரியை:
போடச் சொல்லுங்கள். "கணக்கு இதோ, சந்தேகம் இருந்தால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நோட்டோடு இருப்பேன்" என்று ஒரு வரி போதும். எழுதியவர் பெயரும் பழைய சண்டையும் வேண்டாம்.

மூன்றாம்மணி:
கணக்குக் காட்டத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கொரிந்தியர் வசனத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் குழுவில் வேண்டாம் தம்பி. கமிட்டியில் கொடுங்கள், சபைப் போதகர் ஐயர் ஆராதனையில் அறிவிக்கட்டும். அதற்கு முன் அண்ணனும் அண்ணியும் பழி எழுதியவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வரட்டும்.

ஓய்வாசிரியை:
அண்ணன் மட்டும் போகட்டும் ஐயா. அழுதுகொண்டிருப்பவரை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். பழியைக் குழுவில்தான் எல்லாரும் படித்தார்கள், கணக்கையும் அங்கேயே படிக்கட்டும்.