காரையாறு போகும் முன்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

குழு: பேச்சியம்மாள் வீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு

கணபதி (இரவு 8.12): எல்லாருக்கும் வணக்கம். ஆடி அமாவாசைக்கு இந்தத் தடவையும் பாபநாசத்தில் தாமிரபரணிக் கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறோம். அம்மாவும் வருகிறாள். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். கடையிலிருந்து நான் எடுத்து வைத்திருப்பது: பேப்பர் கப் 200, பேப்பர் தட்டு 150, தண்ணீர் பாக்கெட் மூன்று மூட்டை, சாப்பிடும்போது விரிக்க பாலிதீன் சுருள் ஒன்று, ஷாம்பு சரம் இரண்டு. விட்டுப்போனதைச் சொல்லுங்கள்.

செல்வி (8.20): அத்தான், பாயும் ஜமுக்காளமும் வீரவநல்லூர் வீட்டிலிருந்து நான் கொண்டு வருகிறேன். அத்தைக்கு மாத்திரையும் எடுத்து வைத்துவிட்டேன்.

முத்துக்கனி (8.41): அண்ணே, கோபப்படாதே. இந்தப் பட்டியலில் முக்கால்வாசி சோதனைச் சாவடியிலேயே நின்றுவிடும். பாபநாசத்துக்கு மேலே புலிகள் காப்பகம். களக்காடு முண்டந்துறை 1988-லேயே காப்பகம் ஆனது. வனத்துறைக்காரர்கள் பையைத் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள். கப், தட்டு, தண்ணீர் பாக்கெட், விரிப்பு நான்குமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் சேர்ந்தவை.

கணபதி (8.44): பேப்பர் கப்புமா? காகிதம்தானே அது.

முத்துக்கனி (8.50): வெறும் காகிதம் என்றால் சூடாகத் தேநீர் ஊற்றியதும் ஊறிப் பிய்ந்துவிடாதா அண்ணே? உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதனால்தான் பழைய பேப்பர் கடைக்காரரும் அதை எடுப்பதில்லை, மண்ணிலும் மக்குவதில்லை.

சுடலை (8.53): அத்தை, ஜவுளிக்கடையில் துணி மாதிரி ஒரு பை தருகிறார்களே, அது பரவாயில்லையா?

முத்துக்கனி (8.58): 2019 பட்டியலிலேயே அதுவும் இருந்தது மருமகனே. அது நெய்த துணி இல்லை, பிளாஸ்டிக் இழையைச் சூட்டில் ஒட்ட வைத்தது. ஓரத்தில் ஒரு நூல் பிய்த்துத் தீக்குச்சி காட்டிப் பார். பருத்தி என்றால் சாம்பலாகும், இது உருகிச் சொட்டும். எங்கள் பள்ளியில் பசுமைப் படைப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினேன். வீட்டில் மாட்டிக் கிடக்கும் பைகளை எல்லாம் மறுநாள் கொண்டு வந்துவிட்டார்கள்.

திங்கள்

இசக்கிமுத்து (காலை 7.05): அக்கா, நீ சொல்வது எல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2024 டிசம்பரில் கேரளாவிலிருந்து மருத்துவக் கழிவை லாரி லாரியாகக் கொண்டு வந்து நம் திருநெல்வேலி நடுக்கல்லூர் பக்கம் கொட்டினார்களே. அவ்வளவு பெரிய அநியாயம் நடக்கும்போது நம் வீட்டு இருநூறு கப்பைக் குறைத்து என்ன ஆகப் போகிறது?

முத்துக்கனி (7.30): அந்தக் குப்பை எப்படித் திரும்பிப் போனது என்று யோசித்துப் பார் தம்பி. ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், சத்தம் போட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. அதே டிசம்பரில் கேரளாவிலிருந்தே லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. தன் ஊர் மண் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன்தான் அடுத்தவன் கொட்டும்போது தட்டிக் கேட்பான். நம் ஆற்றங்கரையில் நாமே கொட்டிவிட்டு யாரைக் கேட்பது?

இசக்கிமுத்து (7.34): அதுவும் சரிதான்.

கணபதி (10.15): கடையில் கூட்டம், இப்போதுதான் பார்த்தேன். ஒரு கடைக்காரனாக என் கஷ்டத்தையும் சொல்கிறேன். தடை வந்த புதிதில் சோதனைக்கு வந்தார்கள், அபராதமும் கட்டியிருக்கிறேன். அதற்கு அப்புறம் பை கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் பை கொண்டு வராத ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறான். கடைக்காரனை மட்டும் பிடித்தால் போதுமா? வாங்குகிறவன் கையை வீசிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்வேன்?

முத்துக்கனி (10.40): நியாயமான கேள்வி அண்ணே. அதற்காகத்தான் தடை வந்து மூன்று வருஷம் ஆகும்போது, 2021 டிசம்பர் 23-ஆம் தேதி, 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு தனியாக ஒரு இயக்கமே தொடங்கியது. சட்டம் உன் கடை வரைக்கும் வரும். வாங்குகிறவர் வீட்டில் ஆணியில் தொங்கும் பையை யார் எடுக்க வைப்பது? அது மனசு வைத்துச் செய்ய வேண்டியது. பிளாஸ்டிக் இல்லாமல் நடத்திக் காட்டும் பள்ளி, கல்லூரி, கடைகளுக்கு மஞ்சப்பை விருதும் உண்டு. முதல் பரிசு 10 லட்சம், அடுத்தது 5, அப்புறம் 3. நீ விண்ணப்பித்தால் என்ன?

கணபதி (10.52): பத்து லட்சமா! பெரிய கடைகள்தான் வாங்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன். கருப்பட்டியை இப்போது பனையோலைப் பெட்டியில்தான் கொடுக்கிறேன். உடன்குடிப் பக்கத்திலிருந்து முடைந்து வருகிறது. கடலை எண்ணெய்க்குத் தூக்குவாளி கொண்டு வருகிறவர்களுக்கு இரண்டு ரூபாய் குறைக்கிறேன். முதலில் நான்கு பேர் கொண்டு வந்தார்கள். இப்போது எண்ணெய் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வாளியோடுதான் வருகிறார்கள்.

முத்துக்கனி (10.55): இதை இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை அண்ணே? மனசு நிறைந்துவிட்டது.

இசக்கிமுத்து (பகல் 1.10): இங்கே கோயம்பேடு சந்தையில் மஞ்சப்பை எந்திரம் வைத்திருக்கிறார்கள். பத்து ரூபாய் போட்டால் பை வரும். பணம் சம்பந்தப்பட்டால் ஆள் அசைகிறான் என்பதும் உண்மைதான். நீலகிரியில் 2022-இல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருவது என்று கொண்டு வந்தார்கள். உயர் நீதிமன்றம் யானைக் காலில் பாட்டில் குத்தும் என்று கவலைப்பட்டதால் வந்தது அது. விற்ற பாட்டிலில் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பின.

முத்துக்கனி (4.45): பாட்டிலுக்கு அது சரி தம்பி, அதற்கு விலை இருக்கிறது. தண்ணீர் பாட்டிலை நொறுக்கி இழையாக்கித் துணி நெய்கிறார்கள், அதற்கும் விலை உண்டு. பால் கவரைக் கழுவிக் காய வைத்தால் எடைக்குப் போடலாம். ஆனால் சிப்ஸ் பாக்கெட்டை யார் வாங்குவார்? பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும், பிரிக்க முடியாது. சிமென்ட் ஆலையில் எரிபொருளாகப் போடத்தான் உதவும். அதற்கும்கூட ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். நேற்று வைத்த சாம்பாரோடு ஒரே கவரில் முடிச்சுப் போட்டுத் தந்தால் எல்லாமே குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

முத்துக்கனி (4.52): இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்குத் தூய்மைப் பணிக்கு வரும் அக்கா போன மாதம் விரலில் கட்டுப் போட்டிருந்தார். என்ன என்று கேட்டேன். யாரோ உடைந்த டியூப்லைட்டைச் சோற்றோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். முடிச்சை அவிழ்த்தபோது கிழித்துவிட்டது. ஈரம் தனி, காய்ந்தது தனி, டியூப்லைட், பேட்டரி மாதிரி ஆபத்தானது தனி என்று 2016 திடக்கழிவு விதியிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் நம் அடுப்படிக்கு வந்து எந்த அதிகாரியும் பார்க்கப் போவதில்லை. முடிச்சை அவிழ்ப்பது அந்த அக்காவின் கை. அந்தக் கையை நினைத்துத்தான் நான் பிரிக்கிறேன். விருதுக்கும் இல்லை, அபராதத்துக்கும் இல்லை.

செல்வி (5.20): மதினி, இதைப் படித்ததும் நாப்கினைத் தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி வைக்கப் பழகிவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். திறக்காமலே அவர்களுக்குத் தெரியும் இல்லையா?

முத்துக்கனி (5.22): நல்ல காரியம் செல்வி.

சுடலை (இரவு 9.10): அத்தை, 'என் குப்பை, என் பொறுப்பு' என்று 2022 ஜூனில் அரசு தொடங்கிய தூய்மை இயக்கத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை சுத்தம் செய்யும் முகாம் உண்டு. கல்லூரியிலிருந்து நானும் போயிருக்கிறேன். ஆனால் அன்று அள்ளிய இடத்திலேயே அடுத்த முகாமுக்குள் மறுபடி கிடக்கும். அதைப் பார்த்தால் சோர்ந்து போகிறது.

முத்துக்கனி (9.25): சோர்வு வரத்தான் செய்யும். போன வருஷம் அமாவாசை முடிந்து பாபநாசம் படித்துறைக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். தோஷம் கழியும் என்று ஆற்றில் விட்ட துணிகள். ஒரு சேலை மணலுக்குள் புதைந்து கிடந்தது. நாலு பிள்ளைகள் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. தண்ணீரும் மணலும் ஏறி அவ்வளவு பாரம். குளிக்க இறங்குகிறவர்களின் காலில் இந்தத் துணிதான் சுற்றுகிறது. அதே தண்ணீர்தான் அம்பாசமுத்திரத்திலும் பாளையங்கோட்டையிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் குடிக்கப் போகிறது. கடைசியில் புன்னக்காயலில் கடலில் சேருகிறது. அன்று ஒரு பிள்ளை கேட்டாள், "டீச்சர், நம் வீட்டு ஆட்களும் இப்படித்தானே விட்டிருப்பார்கள்?" என்று. நான் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

புதன்

செல்வி (காலை 11.02): மதினி, ஒரு சங்கடம். நீங்கள் எழுதியதை எல்லாம் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். துணி விடுவதைப் பற்றிப் படித்ததிலிருந்து அத்தை பேசவே இல்லை. மாமாவின் எட்டு முழ வேட்டி ஒன்றை இந்த ஆடிக்கு ஆற்றில் விட வேண்டும் என்று பெட்டியில் எடுத்து வைத்திருந்தார்கள்.

முத்துக்கனி (11.10): ஐயோ. எனக்குத் தெரியாதே. அம்மாவை நினைத்து நான் எழுதவில்லை செல்வி. எதுவும் சொல்ல வேண்டாம், அவள் விருப்பம்போல் செய்யட்டும். நான் சாயங்காலம் பேசுகிறேன்.

கணபதி (11.30): அம்மாவின் மனசு கஷ்டப்படக் கூடாது. ஒரு வேட்டிதானே.

சுடலை (12.15): மாநகராட்சியில் 2023 மே மாதம் பழைய துணி, புத்தகம், பொம்மை வாங்க மையம் வைத்தார்கள். என் பாடப் புத்தகங்களை அங்கேதான் கொடுத்தேன். தாத்தா வேட்டியை அப்படி ஒரு மையத்தில் கொடுக்கலாமா?

செல்வி (12.20): வேண்டாம் சுடலை. அதை யார் கையிலும் கொடுக்க ஆச்சிக்கு மனம் வராது.

செல்வி (மாலை 6.40): அத்தை இப்போதுதான் வாய் திறந்தார்கள். குரல் பதிவு அனுப்பச் சொன்னார்கள், சிக்னல் இல்லை. சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஏட்டி முத்துக்கனி, நீ டீச்சராகச் சொன்னாலும் சரி, மகளாகச் சொன்னாலும் சரி, எனக்குக் கோபம் இல்லை. எங்கள் காலத்தில் துணியை ஆற்றில் விட்டு நான் பார்த்ததில்லை. முங்கி எழுந்து, பிழிந்து தோளில் போட்டுக்கொண்டுதான் வருவோம். வேட்டி ஒன்றுக்கு எத்தனை நாள் கூலி தெரியுமா? விடுவது எல்லாம் பின்னால் வந்த பழக்கம், நானும் பார்த்துப் பார்த்து அதுதான் முறை என்று நினைத்துவிட்டேன். வேட்டியைத் தண்ணீரில் நனைக்கிறேன். வேட்டிக் கரையிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி அவருக்கு விடுகிறேன். மிச்சம் என்னோடு வீட்டுக்கு வரும்."

முத்துக்கனி (6.55): அம்மா.

இசக்கிமுத்து (6.58): அந்த நூலை நானும் அண்ணனும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறோம் அம்மா.

வெள்ளி

கணபதி (காலை 9.00): புதுப் பட்டியல் போடுகிறேன். கப், தட்டு, பாக்கெட், சுருள், ஷாம்பு எல்லாம் எடுத்தாயிற்று. குளிக்கச் சீயக்காய்த்தூள் தருகிறேன், அதையும் வீட்டில் தேய்த்துவிட்டே வாருங்கள், ஆற்றில் சும்மா முங்கினால் போதும். தண்ணீருக்கு இருபது லிட்டர் கேன் நான்கு. எவர்சில்வர் தட்டு கொண்டு போகலாமா என்று பார்த்தேன், தனி வண்டியை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் மேலே போக வேண்டியிருக்கும். சுமை தாங்காது.

முத்துக்கனி (9.12): தட்டு வேண்டாம் அண்ணே. எங்கள் தோட்டத்திலிருந்து இலை நறுக்கி இரண்டு கட்டு கொண்டு வருகிறோம். ஆனால் சாப்பிட்ட இலையை அங்கே போடக் கூடாது. வாசனைக்குப் பன்றியும் குரங்கும் வந்து பழகிவிடும். ஒரு சாக்கில் கட்டித் திரும்பக் கொண்டு வந்து உரக்குழியில் போடுகிறேன். டம்ளர் மட்டும் யாராவது பாருங்கள்.

சுடலை (9.20): சாக்குச் சுமப்பது என் பொறுப்பு அத்தை.

செல்வி (10.05): பரணில் ஏறி டம்ளர் இறக்கிவிட்டேன் மதினி. நாற்பது இருக்கிறது, புளி போட்டுத் தேய்த்துக் காய வைத்திருக்கிறேன். ஆறு டம்ளரில் மாமாவின் பெயர் வெட்டியிருக்கிறது. அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அந்த வேட்டியிலேயே மூட்டை கட்டச் சொன்னார்கள்.