கம்பெனி கைமாறியதில் 14 வருட சீனியாரிட்டி காணாமல் போனது

அண்ணாச்சிமாரே, பேட்டையிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். சேர்ந்தது 2010. 2024 ஏப்ரலில் எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. வேலை ஒருநாள்கூட நிற்கவில்லை. ஆனால் புதுப் பட்டியலில் நான் சேர்ந்த தேதி ஏப்ரல் 2024! 2019-ல் சேர்ந்த அவர்கள் டிரைவர்கள் எனக்கு மேலே. இப்போது ஆள் குறைக்கப் போகிறார்களாம்.

மேலாளரிடம் கேட்டால், பழைய கணக்கைப் பழைய முதலாளியிடம் கேள் என்கிறார். யூனியனில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருப்பதால் தலைவர் நழுவுகிறார். தொழிலாளர் துறையில் மனு கொடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. பி.எஃப் பாஸ்புக், பழைய சம்பளச் சீட்டு எல்லாம் கையில் இருக்கிறது.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழில் தகராறுச் சட்டம் 1947-ல், கடைசியாக வந்தவரை முதலில் அனுப்பச் சொன்னது 25ஜி பிரிவு. கைமாறிய பிறகும் இழப்பீட்டுக்குப் பழைய சர்வீஸ் சேரும் என்றது 25எஃப்எஃப். சரி, அந்தச் சர்வீஸ் 25ஜி சீனியாரிட்டிக்கும் சேருமா?