எஸ்பெராண்டோ வீடியோவுக்கு கேப்ஷன் போட உதவி வேணும்
வணக்கம் மக்களே, சப்டைட்டில் வேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. எஸ்பெராண்டோ (பல நாட்டுக்காரங்களும் பேசிக்கிறதுக்காக உருவாக்கின மொழி) பாடம் நடத்துற சில வீடியோவுக்கு, காது கேளாதவங்களும் பார்த்து புரிஞ்சுக்கிற மாதிரி கேப்ஷன் போட்டுட்டு இருக்கேன், பேச்சை தானா எழுத்தா மாத்துற விஸ்பர் சாஃப்ட்வேர் ஆதரிக்கிற மொழி லிஸ்ட்ல எஸ்பெராண்டோ இல்லாததால கேட்டு கேட்டு கையாலதான் டைப் பண்றேன். அந்த மொழியில சி, ஜி, ஹெச், ஜே, எஸ் மேல தொப்பியும் யு மேல குட்டி வளைவும் வர்ற ஆறு எழுத்து இருக்கு, எஸ்ஆர்டி ஃபைலை (சப்டைட்டில் ஃபைல்) எல்லா மொழி எழுத்தும் அடங்குற யுடிஎஃப்-8 முறையில சேவ் பண்ணியும் ஒரு பழைய டிவியில மட்டும் அந்த இடமெல்லாம் கட்டம் கட்டமா வருது. தொப்பிக்கு பதிலா பக்கத்துல எக்ஸ் போட்டு எழுதுற பழக்கம் உண்டுதான், ஆனா இப்பதான் கத்துக்கிறவங்க மனசுல அதுவே ஸ்பெல்லிங்கா பதிஞ்சுடும், எனக்கு அதுல இஷ்டமே இல்ல. வேற வழி இருக்கா?

அப்புறம் கதவு தட்டுற சத்தம், சிரிப்பு எல்லாம் எஸ்பெராண்டோவுலயே அடைப்புக்குறிக்குள்ள எழுதுறேன். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் கோடு போட்டா போதுமா, இல்ல பேரும் போடணுமா? காது கேளாத நண்பர்கள் இங்க இருந்தா படிக்க எது வசதின்னு நீங்க சொல்லுங்க, அதுதான் எனக்கு முக்கியம்.