டாக்ரோலிமஸ்: ரத்தப் பரிசோதனையன்று காலை மாத்திரை போடலாமா?

கேள்வி: சிறுநீரக மாற்றுக்குப் பின் காலை 8, இரவு 8 என்று டாக்ரோலிமஸ் (உடல் புது உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து) போடுகிறேன். ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில் மாத்திரை போட்டுவிட்டுப் போகலாமா? கை நடுங்குவதும் இந்த மருந்தாலா?

பதில் 1: போடாதீங்க. மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்ததும் போடுங்க. முந்தைய வேளைக்குப் பின் 12 மணி நேரத்தில் மிஞ்சும் அளவுதான் வேண்டும். முன்னாடியே விழுங்கினால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் உறுப்பு நிராகரிப்பில் போய் முடியலாம். ஊசி குத்திய நேரத்தையும் கடைசி வேளையின் நேரத்தையும் சீட்டில் எழுதச் சொல்லுங்க.

பதில் 2: நடுக்கம் இந்த மருந்துக்குச் சகஜம். புதிதாக வந்தாலோ கூடினாலோ அளவு எகிறியிருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீங்க, மருத்துவரிடம் சொல்லுங்க. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சர்க்கரை, ரத்த அழுத்தம் நான்கும் சேர்த்துப் பார்க்கணும்.

பதில் 3: பலரும் கவனிக்காதது வயிற்றுப்போக்கு. மருந்து வெளியேறிவிடும் என்று நினைப்பாங்க. உண்மையில் ரத்தத்தில் அளவு ஏறும். அன்றே மருத்துவருக்குப் போன் பண்ணுங்க. கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஃப்ளுகோனசோல் (பூஞ்சைத் தொற்று மருந்து), கிரேப்ஃப்ரூட் பழம் அளவை ஏற்றும். ரிஃபாம்பிசின் (காசநோய் மருந்து), ஃபெனிட்டாயின் (வலிப்பு மருந்து) இறக்கும். வலிக்கு ஐபுப்ரோஃபென் வேண்டாம், டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. உயிருள்ள கிருமித் தடுப்பூசியும் கூடாது.

பதில் 2: இன்னொன்று, ஒரு நாளைக்கு ஒருமுறை போடும் வகையும் இருக்கு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீங்க.