பழைய பாப்கேட், சூடானதும் பக்கெட் தூக்கவில்லை. அவசரம்!

பண்ணைக்காரன்_நாமக்கல்:
வணக்கம். கோழிப்பண்ணையில் எரு அள்ள போன மாதம் பழைய பாப்கேட் (குட்டி லோடர் வண்டி) ஒன்று வாங்கினேன். காலையில் நன்றாக ஓடுகிறது. ஒரு மணி நேரம் போனதும் பக்கெட் தூக்க முக்குகிறது, பின்னாலிருந்து ஊளைச் சத்தம், இடது பக்கம் இழுவையே இல்லை. பக்கெட்டையும் சக்கரத்தையும் இயக்க ஆயிலை அழுத்தித் தள்ளும் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நாளை மறுநாள் எரு லாரி வருகிறது. சீக்கிரம் சொல்லுங்க.

டீசல்_மணி:
ஹைட்ராலிக் ஆயில் பில்டர். கண்ணை மூடிக்கொண்டு பில்டரை மாற்றுங்கள். பத்தில் எட்டு வண்டிக்கு அதுதான்.

ஸ்பேனர்_சித்தர்:
மாடல் சொல்லவில்லை, மீட்டரில் எத்தனை மணி நேரம் என்று சொல்லவில்லை, உள்ளே என்ன ஆயில் என்று சொல்லவில்லை. ஜாதகமே தராமல் பொருத்தம் பார்க்கச் சொன்னால் எப்படி? 25 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் பதில் கிடைக்கும்.

கரூர்_கதிர்:
சித்தர் அண்ணா, காலையிலேயே சூடா? தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். பக்கெட்டைத் தூக்கும் ஆர்மைக் கீழே இறக்கி வைத்து ஆயில் லெவல் பார்த்தீர்களா? ஆயில் என்ன நிறம்? பிரேக்கர், ஆகர் மாட்டுகிற ஆக்சிலரி லீவர் லாக் ஆகி நிற்கிறதா? அது லாக்கில் இருந்தால் ஆயில் போக வழியில்லாமல், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வ் வழியாகவே சுற்றும். வண்டி கொதிக்கும், என்ஜின் திணறும், பக்கெட்டுக்கு பலம் இருக்காது. இதற்காகவே பம்பைக் கழற்றிய புண்ணியவான்கள் உண்டு.

பண்ணைக்காரன்_நாமக்கல்:
மஞ்சள் வண்டி. ஸ்டிக்கர் எல்லாம் உரிந்துவிட்டது. மீட்டர் ஓடவில்லை. லீவர் நடுவில்தான் இருக்கிறது. ஆயில் பால் மாதிரி இருக்கிறது. வாரம் 5 லிட்டர் ஊற்றுகிறோம்.

ஸ்பேனர்_சித்தர்:
மஞ்சள் வண்டியாம்! பாப்கேட் என்பது ஒரு கம்பெனியின் பெயர். நம் ஊரில் மண் தோண்டுவதெல்லாம் ஜேசிபி, குட்டியாகத் திரும்புவதெல்லாம் பாப்கேட். பால் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மெக்கானிக் சொன்னது சரி. பம்ப் காலி.

கரூர்_கதிர்:
அவசரம் வேண்டாம். பால் நிறம் இரண்டு வகை. ஒரு பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தெளிந்துவிட்டால் அது காற்று. அப்படியே கலங்கி நின்றால் தண்ணீர். காற்று என்றால், டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் சக்ஷன் ஹோஸைப் பாருங்கள். பழைய வண்டியில் ரப்பர் வெடித்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும். அந்த ஹோஸில் ஆயில் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் காய்ந்த மாதிரியே தெரியும். ஊளைச் சத்தமும் அதனால் வரலாம்.

டீசல்_மணி:
பில்டர் அடைத்தாலும் ஊளையிடும்.

கொங்கு_லேத்:
வாரம் 5 லிட்டர் எங்கே போகிறது? அதை யாரும் கேட்கவில்லையே. கீழே ஒழுகுகிறதா?

பண்ணைக்காரன்_நாமக்கல்:
ஒரு சொட்டுகூட இல்லை. தரை சுத்தம். முன்னாடி வைத்திருந்தவர் 15-40 என்ஜின் ஆயில் ஊற்றினாராம். நாங்களும் அதையே ஊற்றினோம்.

ஸ்பேனர்_சித்தர்:
அய்யோ! ஹைட்ராலிக்கில் என்ஜின் ஆயிலா? 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. சீல் எல்லாம் தின்றுவிடும்.

திருப்பூர்_டிப்பர்:
அதெப்படி? சில கம்பெனிகளின் புத்தகத்திலேயே என்ஜின் ஆயில் ஊற்றச் சொல்லியிருக்கிறது. அந்தந்த வண்டிக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

ஸ்பேனர்_சித்தர்:
புத்தகம் படித்தவர்கள் எல்லாம் ஸ்பேனர் பிடிக்க வந்துவிட்டார்கள்.

திருப்பூர்_டிப்பர்:
68 என்றால் 40 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை 68. அதே சூட்டில் 15-40 நூறைத் தாண்டும். கெட்டியாக இருக்கிறதே தவிர சீலைத் தின்னாது. தண்ணீர் புகுந்தால் என்ஜின் ஆயில் அதைப் பிரியவிடாமல் கலக்கியே வைத்திருக்கும், அது ஒரு குறை. அதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

டீசல்_மணி:
எங்கள் மாமா வண்டியில் எட்டு வருடமாக 15-40தான். பில்டர் மட்டும் தவறாமல் மாற்றுவார்.

கொங்கு_லேத்:
ஆயில் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, வெளியே ஒழுகாமல் ஆயில் குறைகிறது என்றால் செயின் கேஸை, அதாவது சக்கரத்தைச் சுற்றும் செயின் இருக்கும் பெட்டியை, திறந்து பாருங்கள். சக்கரத்தை ஓட்டும் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் போனால் ஆயில் நேராக அந்தப் பெட்டிக்குள் போய்ச் சேரும். வெளியே சொட்டு தெரியாது. டேங்கில் லெவல் இறங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், நுரைக்கும், ஊளையிடும். இடது பக்கம் இழுவை இல்லை என்றீர்களே, முதல் சந்தேகம் இடது மோட்டார்தான். லெவல் பிளக்கைத் தளர்த்தினாலே தெரிந்துவிடும், பத்து நிமிட வேலை. ஒன்று சொல்கிறேன், ஆர்மைத் தூக்கி வைத்துவிட்டு லாக் போடாமல் கீழே குனியாதீர்கள். ஹோஸில் கசிவு தேட விரலால் தடவாதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சின்னக் காயம்தான், ஆனால் கை போய்விடும்.

பண்ணைக்காரன்_நாமக்கல்:
சரிங்க அண்ணா.

*(நான்கு நாள் கழித்து)*

கரூர்_கதிர்:
தம்பி, என்ன ஆச்சு? லாரி வந்ததா?

ஸ்பேனர்_சித்தர்:
வேலை முடிந்தால் ஒருத்தரும் திரும்பி வருவதில்லை.

*(இன்னும் ஒரு வாரம் கழித்து)*

பண்ணைக்காரன்_நாமக்கல்:
பிளக்கைக் கழற்றினதும் ஆயில் பொங்கிக் கொண்டு வந்தது. அரை கேன் பிடித்தோம். இடது மோட்டார் சீல் மாற்றியாச்சு. சக்ஷன் கிளாம்பும் புதுசு. பம்பைத் தொடவில்லை. வண்டி ஓடுகிறது. எல்லாருக்கும் நன்றி.

கொங்கு_லேத்:
சந்தோஷம். சீல் ஏன் போனது என்று பார்த்தீர்களா? மோட்டாருக்குள் கசியும் ஆயிலைத் திரும்ப டேங்குக்குக் கொண்டுபோகும் கேஸ் டிரெயின் ஹோஸ் எங்காவது மடங்கியோ அடைத்தோ இருந்தால் புது சீலையும் தள்ளிவிடும். மோட்டார் உள்ளே தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்தார்களா?

கரூர்_கதிர்:
பாட்டில் ஆயில் தெளிந்ததா, இல்லையா? அதையாவது சொல்லுங்கள்.

டீசல்_மணி:
பில்டர் மாற்றினீர்களா?

செங்கல்_சூளை_செல்வம்:
எனக்கும் இதே பிரச்சினை. புதுசாக என்ன ஆயில் ஊற்றினீர்கள், 68ஆ, 15-40ஆ?

ஸ்பேனர்_சித்தர்:
68.

திருப்பூர்_டிப்பர்:
மாடல் சொல்லுங்கள் முதலில்.